மீனுக்குப் போட்ட பொரி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள். மீன் தொட்டியில் குமிழி குமிழியாக மேலே வருகிறதே, அதை அழகுக்காக விடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் லைட் போடுவார்களே, அந்த வகையறா என்று. அதனால் என் மனைவி மத்தியானம் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி போய் பம்ப்பின் சுவிட்சை அணைத்துவிடுவேன். பார்க்க ஆள் இல்லாதபோது ஜோடனை எதற்கு? தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே கிடக்கிற ஜந்துவுக்குத் தனியாகக் காற்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆசாமி ஓர் அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்து கோப்புகளில் ‘நன்கு பரிசீலிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்றவன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவள் விழித்துக்கொண்டு இதைப் பார்த்துவிட்டாள்.

“உங்க மூக்கை யாராவது தினம் மத்தியானம் பொத்தி வெச்சா தேவலையா? அதுங்க வாயில்லாததுன்னுதானே இப்படிப் பண்றேள்? போன மாசம் அந்தச் சின்னது செத்துப் போச்சே, தண்ணி சரியில்லைன்னு நான் கடைக்காரரோட சண்டை போட்டுட்டு வந்தேனே, அப்பவாவது வாயைத் திறந்தேளா?” என்று ஆரம்பித்து நிறுத்தாமல் போனாள். அப்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தது. என்னை முழு வாக்கியங்களில் திட்ட முடிந்தது.

மயிலாப்பூரில் நான்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தொன்றில், மூன்று மாடிப் பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் வீடு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அவள் அடையாறுக்குப் போன பிறகு, வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது என்று சொல்லி ராயப்பேட்டையில் ஒரு பாயின் வளர்ப்பு மீன் கடையிலிருந்து இந்தத் தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி. நான் இருக்கும் வீட்டை நிசப்தம் என்று சொன்ன முதல் மனுஷி அவள்தான். உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் மீன் என்ற சொல்லைப் பஞ்சாங்கத்தில் ராசியாக மட்டும்தான் கேட்டிருக்கிறோம். “என்ன மன்னி, மெனு மாறப்போறதா?” என்று என் தம்பி கேட்டான். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

எல்லாம் தங்க மீன்கள். அவற்றில் பெரியதாக, கன்னத்தை உப்பிக்கொண்டு, எந்நேரமும் யாராவது வந்து கவனிக்க வேண்டும் என்று மூலையில் மிதப்பாக நிற்கும் ஒன்றுக்கு ‘சம்பந்தி’ என்று பெயர் வைத்தாள். எல்லோரையும் ஓர் இடி இடித்துவிட்டுப் போகும் கறுப்பு மீன் ‘நாத்தனார்’. பொடிசுகளுக்குப் பெயர் கிடையாது, மொத்தமாக வாண்டுகள். நிஜ சம்பந்தி ஒரு தடவை வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் அடுக்களையிலிருந்து, “ஏன்னா, சம்பந்திக்குத் தீனி போட்டேளா?” என்று குரல் கொடுத்தாள். பெண் எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்க சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவளுக்கு மாடிப்படி ஏறினால் இளைத்தது. பிறகு பேசினால் இளைத்தது. நுரையீரல் தேங்காய் நார் மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது, பழையபடி ஆகாது என்றார் டாக்டர். வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கூடத்தில் ஒரு பக்கம் மீன் தொட்டி, எதிரே அவளுடைய கட்டில், தலைமாட்டில் மெஷின். மீனுக்கு ஒரு குழாய், அவளுக்கு ஒரு குழாய். அங்கே குமிழி, இங்கேயும் மெஷினோடு இருந்த ஒரு சின்ன பாட்டிலில் குமிழி. “இந்த ஆத்துல மெஷின் இல்லாம மூச்சு விடறவன் நான் ஒருத்தன்தான், என்னை மியூசியத்துல வெக்கலாம்” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததற்கு அபராதமாக வெகு நேரம் இருமினாள். அதற்குப் பிறகு நான் ஜோக் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான்.

அவள் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், சிக்கனமாகத் தந்தி மாதிரி பேசினாள். பாக்கி நேரமெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. மெஷின் இன்வெர்ட்டரில் ஓடியது. அந்த பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது என் இலாகா. என் இலாகா எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. சிலிண்டர் ஒன்று இருந்தது. அதன் திருகைப் பிடித்ததும், எந்தப் பக்கம் திருகுவது என்பதே மறந்துவிட்டது. அவள் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் விரலால் காற்றில் வட்டம் போட்டு, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டினாள்.

மறுநாள் பெண் வந்து நின்றாள். “அம்மா எங்கிட்ட வரட்டும். எங்க பில்டிங்ல ஜெனரேட்டர் இருக்கு. மழைக்காலம் முடியற வரைக்குமாவது.”

“மீன்?” என்றாள் அம்மா.

“மீனை யாருக்காவது குடுத்துடலாம்மா.”

“அப்ப வரல.”

பெண் என்னைப் பார்த்தாள். அவள் வீட்டில் அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடம் இல்லை. அதைக் காலிசெய்து தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும் என்று பாய் வேறு சொல்லியிருந்தார். ஆக, இதுவரை உலகத்தில் எந்தக் குடும்பமும் செய்திராத ஏற்பாடு ஒன்றைச் செய்தோம். மனைவி பெண்ணோடு அடையாறில். கணவன் மீன்களுக்குத் துணையாக மயிலாப்பூரில்.

நாற்காலியில் வைத்து அவளைக் கீழே இறக்கினார்கள். காரில் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “மழை விட்டதும் வந்துடறேன். அதுவரைக்கும் பாத்துக்கோங்கோ” என்றாள். வெகு நாளுக்குப் பிறகு அவள் ஒரே மூச்சில் சொன்ன நீளமான பேச்சு அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இந்த மீன்கள் இருக்கிற வரை அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்று. டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் டாக்டர் சம்பந்தியைப் பார்த்ததில்லை. தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பேன். சம்பந்தி கன்னத்தை உப்பிக்கொண்டு என்னை அலட்சியமாகப் பார்க்கும். அப்பாடா, அவள் வருவாள் என்று இருக்கும். சாயங்காலம் போனில் அவள் கேட்கும் கேள்வியும் அது ஒன்றுதான்.

“சம்பந்தி?”

“சௌக்கியம். ரவா கேசரி இல்லையான்னு கேக்கறார்.”

அந்தப் பக்கம் ஒரு காற்றுச் சத்தம் வரும். சிரிப்பா இருமலா என்று நான் ஆராயமாட்டேன்.

பாய் கடைக்குப் போய் டார்ச் செல்லில் ஓடுகிற சின்ன பம்ப் ஒன்று வாங்கி வைத்தேன். “கரண்ட் போனா இத்தைப் போடு நைனா. செல்லு தீர்ந்துச்சுன்னா வேற மாத்து. பழசையே வச்சுகினு ஓட்டாதே” என்றார் அவர். வேறு செல் வாங்கி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நினைத்ததோடு சரி. செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றுவதைப் பற்றியும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள்தான் இங்கே இல்லையே, வருவதற்கு முன்னால் மாற்றினால் போதாதா?

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் புயல் வந்தது. விடிகாலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சந்தில் முழங்கால் தண்ணீர். செல் பம்ப் மத்தியானம் வரை உழைத்துவிட்டு, குமிழி இளைத்து இளைத்து நின்றது. டார்ச்சிலிருந்த செல்லை எடுத்துப் போட்டேன். அது ஏற்கெனவே பாதி பிராணனில் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன். தெற்கு மாட வீதி வரை ஒரு கடை திறந்திருக்கவில்லை. குடைதான் மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. சார்ஜும் சாகக் கிடந்தது. திரும்பி வந்து தொட்டிக்கு முன்னால் ஈர வேட்டியோடு நின்றேன்.

தண்ணீரைக் கலக்கிவிட்டால் காற்று சேரும் என்று அவள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கலக்குவது என்றால் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அடுக்களைக்குப் போய் பித்தளை டபராவையும் டம்ளரையும் எடுத்துவந்தேன். தொட்டியிலிருந்து டம்ளரில் மொண்டு, கையை உயரத் தூக்கி, டபராவில் நுரை வர ஆத்தி, மறுபடி தொட்டியில் ஊற்றினேன். நான் காபி குடிக்கும் டபராவில் மீன் தண்ணீர்! அவள் பார்த்திருந்தால் அந்த டபராவைத் தெருவில் வீசியிருப்பாள், கூடவே என்னையும். ஆனால் மீன்களுக்குப் பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. ஊற்றுகிற இடத்துக்குக் கீழே வந்து கூடிக்கொண்டன.

அதே மாடியில் எதிர் வீட்டு மாமி, எனக்குத் தயிர் சாதம் கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மாமா, மீனுக்கா காபி?”

“டிகிரி காபி மாமி. சக்கரை கம்மி.”

“நன்னா இருக்கு கூத்து! உங்காத்து மாமிக்கு ஒரு நாள் இப்படி ஆத்திக் குடுத்திருப்பேளா?”

இல்லை என்றேன். அது ஜோக் இல்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. சற்றுக் கையை இறக்கிவிட்டுப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தன. மூக்கு நுனி தண்ணீருக்கு வெளியே தெரிய, வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றன. நாத்தனார்கூட யாரையும் இடிக்கவில்லை. சம்பந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்தது.

காலிப் பாத்திரத்தை எடுக்க வந்த மாமி மறுபடி எட்டிப் பார்த்தாள். “ஐயோ பாவம், வாயைத் திறந்துண்டு கேக்கறதே! பட்டினி போட்டுட்டேளா?”

“காலம்பரத்திலேருந்து ஒண்ணும் போடல மாமி.”

“அதானே பாத்தேன். குளத்துல நாம போய் நின்னா இப்படித்தானே மொய்ச்சுண்டு வரும்? இருங்கோ, பொரி இருக்கு. கார்த்திகைக்கு உருண்டை பிடிச்சு மிஞ்சினது. வெல்லம் படாதது.”

கோயில் குளத்துப் படியில் நின்று பொரி போடாமல் வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் யாரும் கிடையாது. கைநிறையப் போட்டால் தண்ணீர் கொதிப்பது போல மீன் திரண்டு வரும், ஆயிரம் வாய் திறக்கும். மேலே வந்து வாயைத் திறந்த மீன் பசித்த மீன். இது எங்களுக்கு அட்சராப்பியாசத்தோடு வந்த பாடம். எனக்கும் மாமிக்கும் அதில் துளி சந்தேகம் இல்லை. இரண்டு பேருமாகப் போட்டோம். “சாப்பிடுடா கண்ணா, சாப்பிடு” என்று மாமி கொஞ்சினாள். சம்பந்தி ஒரு பொரியை வாங்கித் துப்பியது. மறுபடி வாங்கித் துப்பியது. “உப்பு இல்லையாம்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு முழுக்க நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குள் ஒரு திருப்தி. இன்னும் ஒரு பிடி போட்டேன்.

மாமி போன பிறகு மறுபடி ஆத்த ஆரம்பித்தேன். தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி ஆகியிருந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ஆத்தலாம் என்று அவளுடைய கட்டிலில் உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. மழை விட்டிருந்தது. டபரா மடியில் இருந்தது. பொரி உப்பி, வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் முழுக்க மிதந்தது. அதன் நடுவில் அவையும் மிதந்தன. சம்பந்தி ஒருக்களித்துப் படுத்திருந்தது. செத்த பிறகுதான் அதன் கன்னம் சாதாரணக் கன்னமாக இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் ஒரு காலிப் பால் கவரில் எடுத்துப் போட்டேன். குப்பையில் போட மனசு வரவில்லை. தண்ணீர் வடிந்திருந்த தெருக்களில் சுற்றி வளைத்து நொச்சிக்குப்பம் பக்கம் நடந்தேன். கடல் இன்னும் சேறாகப் புரண்டுகொண்டிருந்தது. படகுகளையெல்லாம் ரோடு வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். மீன் விற்கும் பலகைகள் காலி. ஒரு பலகைமேல் காலை மடித்து உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

“இன்னா சாமி, அல்லாரும் இங்க மீன் வாங்கிகினு போவாங்க. நீ மீன் எட்துகினு வர்ற?”

சொன்னேன். வீட்டில் வளர்த்தது, கரண்ட் போய்விட்டது, செத்துவிட்டது என்று.

“மீனைக் கொல்றது எங்க பொயப்பு. நீ இன்னாத்துக்கு வூட்ல வச்சுக் கொல்ற?” என்று சிரித்தாள். நானும் வழக்கப்படி சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“யாரு ஆசையா வளத்தது?”

“என் சம்சாரம்.”

“அது எங்க கீது?”

“பொண்ணு வீட்டுல. உடம்பு சரியில்ல.”

“இப்டிக்கா போடாத, நாய் இஸ்துகினு போய்டும். அந்தாண்ட கல்லு மேல ஏறிப் போடு. பாத்து ஏறு, வழுக்கும்” என்றாள்.

போட்டேன். அலை அந்த ஆரஞ்சு நிறத்தை ஒரு தரம் திருப்பிக் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப்போனது.

வீட்டுக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கையில் கரண்ட் வந்தது. பம்ப் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. தொட்டியில் குமிழிகள் திடுதிடுவென்று கிளம்பி வந்தன. மீன் ஒன்றும் இல்லாத தண்ணீரில், வரிசை கலையாமல், மேலே மேலே வந்துகொண்டே இருந்தன. நான் அதை அணைக்கவில்லை. அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு அடையாறுக்கு ஆட்டோ ஏறினேன்.

பெண் கதவைத் திறந்து என் வேட்டியின் சேற்றைப் பார்த்தாள். “போன் ஏன்ப்பா கிடைக்கல? பயந்தே போயிட்டேன்.” உடனே குரலைத் தாழ்த்தினாள். “நேத்து டாக்டர் வந்தார். மெஷினை இன்னும் கூட்டி வெச்சிருக்கு. இனிமே பாத்ரூம் போகக்கூட குழாயை எடுக்கப்படாதுன்னுட்டார்.” அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மீன் எப்படி இருக்கு?” என்றாள், பேச்சை மாற்ற. நான் வெறும் கையை விரித்ததில் புரிந்துகொண்டாள். “அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கோப்பா. ப்ளீஸ்.”

என் மனைவி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறாவது மாடி. கீழே தோட்டத்து மரங்கள் புயலில் கிளை முறிந்து கிடந்தன. மெஷினின் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் உள்ளே போனேன். ஆனால் இத்தனை வருஷத்தில் என் முகம் அவளிடம் எதையும் ஒளித்ததில்லை.

“சம்பந்தி?” என்றாள்.

“கோவிச்சுண்டு போயிட்டார். உபசாரம் போதலையாம்.”

அவள் சிரிக்கவில்லை. “மத்ததெல்லாம்?”

“சம்பந்தி எழுந்து போனப்புறம் மத்தவா பந்தியில உக்காந்திருப்பாளா? கூடவே கிளம்பிட்டா.”

அவள் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல வந்து… வாயைத் திறந்துதா?”

“திறந்துது. பசிக்கறதுன்னு… பொரி போட்டேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “பசியில்ல” என்றாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “காத்துக்கு” என்றாள்.

மூக்குக் குழாய்க்குக் கீழே அவளுடைய உதடு லேசாகத் திறந்து மூடியது. நான் இவ்வளவு நாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இங்கே அவளைப் பார்க்க வரும்போதெல்லாம் ரசம் சாதம், இட்லி, கஞ்சி என்று எதையாவது அவள் வாயருகே நீட்டிக்கொண்டும்தான் இருந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டாத நேரத்தில் பேச்சு வரும். வந்தது. பாய் கடையில் புது மீன் வந்திருக்கும், நாளைக்கே போய் அச்சு அசலாக அதே மாதிரி பார்த்து எடுத்துவிடுகிறேன், சம்பந்திக்கு மட்டும் கன்னம் பெரிதாகப் பார்த்து, இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி, செல் பம்ப் ஒன்றல்ல இரண்டு, டப்பா டப்பாவாகச் செல், நீ வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும், நீ வந்து பேர் வைத்தால் போதும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட வெயில் அவள் போர்வையில் விழுந்திருந்தது.

“எப்ப வரே சொல்லு. முதல் நாளே வாங்கி விட்டுடறேன்” என்றேன்.

“தொட்டியைக் கழுவிக் கவுத்து வெச்சுடுங்கோ” என்றாள்.